பெரிய கப்பலுக்குப் பணம், சின்னப் படகில் உயிர்

திருவண்ணாமலையில் கடல் இல்லை. பக்கத்துக் கடல் என்றால் புதுச்சேரிதான்; நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆனாலும் காசி, கயா, ராமேஸ்வரம் என்று யாத்திரைக்கு ஆள் சேர்த்துப் பழகிய டிராவல்ஸ் கடைகள் இப்போது அந்தமான், லட்சத்தீவு, மாலத்தீவு என்றும் பலகை வைக்கின்றன. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் பயணத்தை முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்த பிறகு, கப்பலில் போவது பணக்காரர்களின் சங்கதி என்ற எண்ணம் உள்நாட்டு ஊர்களிலும் மாறிவருகிறது. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோர் எனப் பலரும் விசாரிக்கிறார்கள். அதிலும் ஆயிரக்கணக்கானோர் ஏறும் மிதக்கும் நகரங்களைவிட, நூறு பேர் மட்டும் போகும் சிறிய சொகுசுக் கப்பலுக்குத் தனி மவுசு. பெரிய கப்பல் நெருங்க முடியாத சின்னத் தீவுகளுக்கும் அது போகும் என்பதே அதன் விளம்பரம்.

ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் கிளம்புவதற்கு முன், திருவண்ணாமலையிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய காஞ்சிபுரத்தை நினைத்துக்கொள்ள வேண்டும்.

2014 ஜனவரி 26, குடியரசு தினம், ஞாயிற்றுக்கிழமை. அந்தமானில் ராஸ் தீவுக்கும் நார்த் பே கடற்கரைக்கும் இடையே 'அக்வா மரின்' என்ற சுற்றுலாப் படகு மூழ்கியது. 21 பேர் இறந்தார்கள். படகில் இருந்தவர்களில் பெரும்பாலோர் காஞ்சிபுரம் பகுதியிலிருந்து குழுவாகச் சுற்றுலா போனவர்கள். சுமார் 25 பேருக்கான படகில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஏற்றப்பட்டிருந்தார்கள். போர்ட் பிளேரின் கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், பட்டப்பகலில் இது நடந்தது.

இந்த விபத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சென்னையிலிருந்து அந்தமான் வரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடலைக் கடந்து போனவர்களுக்கு அந்தப் பெரிய பயணத்தில் ஒன்றும் ஆகவில்லை. இடையில் ஒரு சின்னப் படகில் ஏறியபோதுதான் உயிர் போனது. தீவுச் சுற்றுலாவின் ஆபத்து பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. பயணிகள் கப்பலின் அறையையும் சாப்பாட்டையும் பார்த்துப் பணம் கட்டுகிறார்கள். கப்பலிலிருந்து தீவுக்கும், ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கும் கூட்டிப்போகும் சின்னப் படகைப் பற்றி யாரும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

லட்சத்தீவை எடுத்துக்கொள்ளலாம். தொலைதூரத் தீவுகளுக்குக் கப்பலில் போய்வரும் பயணம் என்றால் இந்தியாவில் முதலில் சொல்ல வேண்டியது அங்கே அரசே நடத்தும் 'சமுத்ரம்' சுற்றுலாவைத்தான். கொச்சியிலிருந்து 'எம்.வி. கவரத்தி' கப்பல் புறப்படும். பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் தீவுகளைப் பார்த்துவிட்டு இரவில் கப்பலிலேயே தூங்க வேண்டும். பவளத்திட்டுக்கு வெளியே கப்பல் நிற்க, பயணிகள் படகுக்கு இறங்கி ஏறும் அந்தச் சில நிமிடங்கள்தான் முதியவர்களுக்குச் சோதனை. கப்பலும் ஆடும், படகும் ஆடும், இரண்டும் ஒரே தாளத்தில் ஆடாது. முழங்கால் வலிக்காரர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரைச் சிரமமில்லாமல் நடக்கிறவர்களுக்கும் ஆடும் படகில் காலை எடுத்துவைப்பது வேறு வேலை.

அதே கப்பலில் 2021 டிசம்பரில் எஞ்சின் அறையில் தீப்பிடித்தது. அறுநூறுக்கும் மேற்பட்ட பயணிகள் இருந்தும் உயிர்ச்சேதம் இல்லை. தீ அணைந்தது, கடலோரக் காவல்படை உதவிக்கு வந்தது. பயிற்சி பெற்ற பணியாளர்களும் விதிப்படியான தீயணைப்பு வசதியும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி. அவை தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2019 செப்டம்பர் 2 அன்று அமெரிக்காவின் கலிஃபோர்னியா கரையோரத் தீவு ஒன்றின் அருகே 'கன்செப்ஷன்' என்ற சிறிய சுற்றுலாக் கப்பல் நள்ளிரவுக்குப் பின் எரிந்தது. கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்த 34 பேரும் இறந்தார்கள். இரவில் கண்விழித்துச் சுற்றிவரக் காவலாள் நியமிக்கவில்லை என்பதே கேப்டன் மீதான குற்றச்சாட்டின் மையம். அவருக்கு 2024இல் நான்கு ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது.

2025 அக்டோபரில் ஆஸ்திரேலியாவில் நடந்தது இன்னும் மனதை உறுத்தும். 'கோரல் அட்வென்ச்சரர்' என்ற சிறிய சொகுசுக் கப்பல் லிசர்ட் தீவில் பயணிகளை மலையேற இறக்கிவிட்டது. 80 வயதுப் பெண் ஒருவர் குழுவிலிருந்து பின்தங்கிவிட்டார். அவர் திரும்பி ஏறவில்லை என்பது தெரியாமலே கப்பல் புறப்பட்டுவிட்டது. பல மணி நேரம் கழித்துத்தான் ஆள் குறைவது தெரிந்தது. மறுநாள் தீவில் அவருடைய உடல் கிடைத்தது. அதிகபட்சம் 120 பயணிகள் போகக்கூடிய கப்பல் அது. தலையை எண்ணுவது என்ற ஒரே ஒரு வேலை தவறிப்போயிருக்கிறது.

அந்தமானில் எண்ணிக்கையை மீறி ஏற்றினார்கள். ஆஸ்திரேலியாவில் எண்ணிக்கை குறைந்ததைக் கவனிக்கவில்லை. 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் 22 பேரைப் பலிகொண்ட படகு, மீன்பிடிப் படகாக இருந்து சுற்றுலாப் படகாக மாற்றப்பட்டது. அதிலும் அளவுக்கு மீறிய கூட்டம். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 45 பேர் இறந்தபோது, விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் குவிந்ததில் படகு சாய்ந்தது. அங்கே இறந்தவர்களிலும் தமிழ்நாட்டவர் இருந்தார்கள். ஆகவே படகில் கால் வைக்குமுன் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை எத்தனை என்று கேளுங்கள். அதைப் படகில் எழுதிவைத்திருக்க வேண்டும். கூடுதலாக ஏற்றினால் இறங்கிவிடுங்கள். லைஃப் ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொள்ளாமல் மாட்டிக் கட்டிக்கொள்ளுங்கள்.

சிறிய கப்பலுக்கு இன்னொரு நுணுக்கம் உண்டு. விளம்பரத் தாளில் அது இருக்காது. டைட்டானிக் மூழ்கிய பிறகு 1914இல் முதலில் உருவாகி, பின்னர் புதுப்பிக்கப்பட்ட 'சோலாஸ்' என்ற சர்வதேச உடன்படிக்கைதான் இன்றும் பயணிகள் கப்பல்களின் பாதுகாப்புக்கு அடிப்படை. 12 பயணிகளுக்கு மேல் ஏற்றினால்தான் அதன் கணக்கில் அது 'பயணிகள் கப்பல்'. உலகின் பல சொகுசுப் படகுகள் சரியாகப் பன்னிரண்டு விருந்தினரோடு நின்றுகொள்வதற்கு இது முக்கியக் காரணம். மேலும், அந்த உடன்படிக்கை நாடு விட்டு நாடு போகும் கப்பல்களுக்கானது. ஒரே நாட்டின் தீவுகளுக்குள் சுற்றும் படகுக்கு அந்த நாட்டுச் சட்டம் மட்டுமே. ஆகவே மாலத்தீவிலோ இந்தோனேசியாவிலோ 'தனிப் படகு' என்று சொன்னால், அது எந்த நாட்டில் பதிவானது, பாதுகாப்புச் சான்றிதழ் நடப்பில் உள்ளதா என்று எழுத்தில் கேட்க வேண்டும். 2012இல் இத்தாலியில் 'கோஸ்டா கான்கார்டியா' கவிழ்ந்து 32 பேர் இறந்த பிறகு விதி இறுக்கப்பட்டது: 2015 முதல், ஒரு நாளுக்கு மேல் பயணிகள் தங்கும் கப்பலில் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ அவசரகாலப் பயிற்சி நடத்தியாக வேண்டும். அந்தப் பயிற்சிக்கு அழைக்கும்போது அறையில் படுத்துக்கொள்ளக் கூடாது.

வானிலையும் கணக்கில் வர வேண்டும். கார்த்திகை தீபம் முடிந்து ஊர் ஓயும் டிசம்பர், வங்கக் கடலில் புயல் காலம். 2016 டிசம்பரில் மோசமான வானிலையால் அந்தமானின் ஹேவ்லாக், நீல் தீவுகளில் நாள்கணக்கில் சிக்கிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகளைக் கடற்படைக் கப்பல்கள் போய் மீட்டன. கப்பல் ரத்தானால் பணம் முழுதும் திரும்புமா, கூடுதல் நாள்களின் அறை வாடகை யார் தலையில் என்பதை அட்வான்ஸ் கொடுக்கும்போதே பேசி எழுதி வாங்க வேண்டும்.

தீவுகளுக்கென்று தனிச் சட்டங்களும் உண்டு. லட்சத்தீவுக்கு இந்தியர்களுக்கும் நுழைவு அனுமதிச் சீட்டு வேண்டும். அந்தமானில் ஜாரவா, சென்டினல் பழங்குடியினர் வாழும் பகுதிகள் 1956ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டத்தின்படி தடை செய்யப்பட்டவை. "தூரத்திலிருந்து காட்டுகிறோம்" என்று யாராவது சொன்னால் ஏறாதீர்கள், சிறை வரை போகும். கரையில் ஒதுங்கிக் கிடந்தது என்று பவளத் துண்டை எடுத்துவந்தாலும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும்.

இனி, தவறு நடந்துவிட்டால் என்ன செய்வது? பலரும் இங்கேதான் சோர்ந்துபோகிறார்கள். கம்பெனி மும்பையில், கப்பல் கொச்சியில், விபத்து தீவில், நாம் திருவண்ணாமலையில், எங்கே போய் வழக்குப் போடுவது என்று விட்டுவிடுகிறார்கள். இந்தக் கவலைக்கு 2020 ஜூலை முதல் இடமில்லை. அப்போது நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்க வழிசெய்கிறது. அதாவது திருவண்ணாமலை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே. மும்பைக் கம்பெனிதான் இங்கே வந்து பதில் சொல்ல வேண்டும். கட்டிய தொகை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இணையம் வழியாகவும் புகார் தரலாம். பிரச்சினை நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பது மட்டும் மறக்கக் கூடாதது.

"தகராறு வந்தால் மத்தியஸ்தரிடம்தான் போக வேண்டும்" என்று டிக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கலாம். அதைக் காட்டி நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதைத் தடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018லேயே உறுதி செய்துவிட்டது. ஒப்பந்தமே அநியாயமானது என்று வாதிட வேண்டுமென்றால் மட்டும் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும்.

"அந்தப் படகு எங்களுடையது இல்லை" என்பது அடுத்து வரும் பதில். ஊர் ஏஜென்ட், கப்பல் கம்பெனி, படகுக்காரர் மூவரையும் எதிர்தரப்பாகச் சேர்க்கலாம். சட்டத்தில் 'சேவைக் குறைபாடு' என்றால் அலட்சியம் மட்டும் பொருள் இல்லை. சொல்ல வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அதில் அடங்கும். வெளிநாட்டிலும் நீதிமன்றங்கள் இந்தத் திசையில்தான் போகின்றன. இலங்கைக்குப் பேக்கேஜ் சுற்றுலா போன பிரிட்டிஷ் பெண்ணை ஹோட்டல் ஊழியர் தாக்கிய வழக்கில், ஹோட்டல் தனக்குச் சொந்தமில்லாவிட்டாலும் சுற்றுலா நிறுவனமே பொறுப்பு என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 ஜூலையில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு நம் ஆணையங்களைக் கட்டுப்படுத்தாது. வாதத்துக்கு வலு சேர்க்கும்.

வழக்கு நிற்பதும் விழுவதும் காகிதத்தில்தான். தெரிந்தவர்தானே என்று துண்டுச் சீட்டில் தொகையை எழுதி வாங்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. கேட்டும் ரசீது தராமல் இருப்பதே 2019 சட்டப்படி முறையற்ற வணிகம். பணத்தை வங்கி வழியாகவோ கார்டிலோ கட்டுவது நல்லது. கார்டு என்றால் வங்கியிடமே முறையிட்டுப் பணத்தை மீட்கவும் வழி உண்டு. முதலில் குறைந்த விலை காட்டிவிட்டுத் துறைமுகக் கட்டணம், சேவைக் கட்டணம் என்று கடைசியில் ஏற்றுவதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரிலேயே தடை செய்திருக்கிறது. வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு ஏஜென்ட் பிடிக்கும் டிசிஎஸ் வரியும் நம் பணம்தான். அதற்கான சான்றிதழை வாங்கி வைத்தால் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் திரும்பப் பெறலாம். போலி இணையதளத்தில் பணம் போய்விட்டால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைக்க வேண்டும். 2025 ஏப்ரலில் மத்திய அரசின் சைபர் குற்றத் தடுப்பு மையம் இந்த மோசடி பற்றி எச்சரித்தது யாத்திரையும் சுற்றுலாவும் போகிறவர்களைத்தான்.

பயணக் காப்பீட்டில் வயது வரம்பு, ஏற்கெனவே உள்ள நோய், தீவிலிருந்து ஹெலிகாப்டரில் கொண்டுவரும் செலவு ஆகிய மூன்றையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கம்பெனி மறுத்தால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். 50 லட்சம் வரை அவர் உத்தரவிட முடியும். உயிரிழப்பு, கடும் காயம் என்றால் 2017ஆம் ஆண்டு கடல்சார் உரிமைச் சட்டப்படி, தமிழ்நாட்டுக் கடல் எல்லைக்குள் நிற்கும் கப்பலையே பிடித்துவைக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தைக் கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு, எண் 15100. நுகர்வோர் உதவிக்கு 1915. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படை 1554.

இந்த ஆண்டு தீவுப் பயணத்துக்கு முன்பணம் கட்டியிருக்கும் வாசகர்கள் அந்த ரசீதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஹோட்டலின் பெயர், சாப்பாட்டு விவரம் எல்லாம் இருக்கும். கப்பலின் பெயரும், தீவுக்குக் கூட்டிப்போகும் படகின் பெயரும், அதில் எத்தனை பேர் என்பதும் இருக்கின்றனவா? இல்லையென்றால் நாளைக் காலையில் ஏஜென்ட் கடைக்குப் போய், எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.