எம்மை அறிந்தவர் இருவர்

திருக்கோணமலையில் டொக்யாட் வீதிக்கு அண்மையில் 1940ஆம் ஆண்டில் பிறந்த ஒரு குழந்தையை எண்ணிப் பாருங்கள். தந்தை துறைமுகத்தில் வேலை செய்யும் தமிழர், தாய் அயற்கிராமத்தவர். பிறந்த கணத்திலேயே அக்குழந்தை பிரித்தானிய முடியின் குடியாகிவிட்டது. அதற்காக எவரும் விண்ணப்பம் எழுதவில்லை. கட்டணம் செலுத்தவில்லை. "இப்பிள்ளையை நான் அறிவேன்" என்று யாரும் கையொப்பம் இடவுமில்லை. முடிக்குரிய மண்ணிற் பிறந்தமை ஒன்றே போதுமானதாயிருந்தது.

அக்குழந்தையின் பேர்த்தி இன்று இலண்டனில் ஈஸ்ற் ஹாமிலோ ஹரோவிலோ வாழ்ந்து பிரித்தானியப் பிரசாவுரிமையை வேண்டுவாளாயின், வேறு பல பத்திரங்களோடு, தன்னை நேரில் அறிந்த இருவரின் கையொப்பத்தையும் தேடிக் கொடுத்தாக வேண்டும். ஆங்கில மொழிச் சோதனையையும் அந்நாட்டு வாழ்க்கை பற்றிய பரீட்சையையும் எளிதாகக் கடந்துவிட்ட எத்தனையோ பேர் இந்த இரண்டு கையொப்பங்களின் முன் மலைத்து நிற்கின்றனர். "எனக்குத் தெரிந்தவர்கள் நூறு பேர் உண்டு, சட்டத்துக்கு ஏற்றவர் இருவர் இல்லை" என்பது இவர்களின் முறையீடு.

இம்மாற்றம் வந்த வழி சுருக்கமானது. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து திருக்கோணமலையைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், 1948 பெப்ரவரி 4ஆம் நாள் நாட்டுக்குச் சுதந்திரம் அளித்த பின்னரும் கடற்படைத் தளத்தைத் தம் கையிலேயே வைத்திருந்தனர். 1957 ஒக்டோபர் 15ஆம் நாள்தான் அது இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்கிடையில் இரண்டு சட்டங்கள் குடிகளைப் பிரித்துவிட்டன. இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் 1948 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பிரித்தானியாவின் புதிய தேசிய இனச் சட்டம் 1949 சனவரி முதலாம் நாள் வந்தது. ஆகவே, துறைமுகத்தில் பிரித்தானியக் கடற்படைக் கொடி பறந்துகொண்டிருந்த அக்காலத்திலேயே, அதைத் தினமும் பார்த்து வேலைக்குப் போன தொழிலாளி இலங்கைப் பிரசையாகவோ அன்றி எந்நாட்டுக்கும் உரியவரல்லாதவராகவோ ஆகிவிட்டார்.

இறுதியாகச் சொன்ன நிலை வெறும் சொல்லன்று. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இந்நாட்டிற் பிறந்தமை மட்டும் போதாது. தந்தை இங்கே பிறந்தவர், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டவேண்டியிருந்தது. இந்திய வமிசாவளியினருக்கென 1949இல் வேறொரு சட்டம் இயற்றப்பட்டு, விண்ணப்பிக்க இரண்டே ஆண்டுகள் தவணை தரப்பட்டது. மணமாகாதவர் பத்து ஆண்டும் மணமானவர் ஏழு ஆண்டும் இடையறாது இந்நாட்டில் வசித்ததை நிரூபிக்க வேண்டும். கூறும் விடயங்களைச் சத்தியக்கடதாசியால் உறுதிப்படுத்த வேண்டும். ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காகச் சென்றன. பிரசாவுரிமை பெற்றவர்களோ ஏறக்குறைய 1,34,000 பேர். தோட்டப்புறத்து மக்களின் வரலாறாகவே இது பெரும்பாலும் சொல்லப்படுகிறது. ஆனால், சீட்டும் துண்டும் சேர்த்து வைக்கும் வழக்கமில்லாத கூலித் தொழிலாளி எங்கே இருந்தாலும், தம் வாழ்வைத் தாமே நிரூபிக்கும் சுமை அவர் தலைமேல் விழுந்தது.

அந்த அனுபவம் நம்மவரிடம் ஒரு பழக்கத்தை ஊன்றிவிட்டது என்பது எனது அபிப்பிராயம். ஒருவரின் யோக்கியதையை உத்தியோகத்தரின் முத்திரையே நிலைநாட்டும் என்று நாம் நம்பப் பழகிவிட்டோம். முன்னாளில் விதானையார், பின்னர் கிராம சேவகர், இப்போது கிராம உத்தியோகத்தர். அவரிடம் வதிவுச் சான்றும் நற்சான்றும் பெற்று, பிரதேச செயலாளரின் மேலொப்பத்தையும் வாங்கிவிட்டால் காரியம் முடிந்தது. சத்தியக்கடதாசியானால் சமாதான நீதவானின் வாசலுக்குப் போவோம். அந்த உத்தியோகத்தர் நேற்று மாற்றலாகி வந்தவராக இருக்கலாம். அதைப் பற்றிக் கவலையில்லை. நாற்காலி பேசுகிறது, பதிவேடு பேசுகிறது.

பிரித்தானிய உள்துறை அமைச்சு கேட்பது வேறு. சான்றாளர் விண்ணப்பதாரரைக் குறைந்தது மூன்று ஆண்டுகளாக நேரில் அறிந்திருக்க வேண்டும். இருவரில் ஒருவர் எந்நாட்டவராகவும் இருக்கலாம். ஆனால் சமூகத்தில் தொழில்சார் தகுதி உடையவராயிருக்க வேண்டும். மற்றவர் பிரித்தானியப் பிரசைக்குரிய கடவுச்சீட்டு வைத்திருப்பவராயும், தொழில்சார் தகுதி உடையவராய் அல்லது இருபத்தைந்து வயதைக் கடந்தவராயும் இருத்தல் வேண்டும். இந்த "அல்லது" என்ற சொல்லைப் பலர் கவனிப்பதில்லை. பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் பேருந்துச் சாரதியாக இருந்தாலும், முப்பது வயதாகி, மூன்று ஆண்டு பழகியவராயின் அவர் தாராளமாகக் கையொப்பமிடலாம். அவரை விட்டுவிட்டு, ஒருமுறை கலைவிழாவில் கைகுலுக்கிய நகரசபை உறுப்பினரைத் தேடி அலைவது வீண் பிரயாசை. நகரசபை உறுப்பினர் பட்டியலில் உள்ளவர்தாம். ஆனால் அவர் உங்களை அறியாதவர்.

அந்தப் பட்டியலோ சுவையானது. கணக்காளர், ஆசிரியர், தாதி, மருந்தாளர், வங்கி உத்தியோகத்தர், சமய குரு, தொழிற்சங்க உத்தியோகத்தர், அங்கீகாரம் பெற்ற சங்கத்தின் தலைவர் அல்லது செயலாளர் ஆகியோர் இருப்பதில் வியப்பில்லை. தொழில்முறைப் புகைப்படக்காரரும், ஈமக்கிரியை நடத்துநரும், வர்த்தகக் கப்பல் அதிகாரியும் அங்கே இருக்கின்றனர். துறைமுகத்து மக்கள் கடைசியாகச் சொன்னவரைக் கண்டு மகிழலாம். பத்திரிகையாளருக்கும் ஓரிடம் உண்டு என்பதை, நம்மைப் பற்றி நாமே சொல்வது அழகன்று எனினும், சொல்லி வைக்கிறோம்.

விலக்கப்பட்டவர்களையும் அறிந்திருக்க வேண்டும். விண்ணப்பதாரரின் உறவினர் ஆகாது. விண்ணப்பத்தை நடத்தும் சட்டத்தரணியோ முகவரோ ஆகாது. உள்துறை அமைச்சில் வேலை செய்பவரும் ஆகாது. இவற்றோடு, சான்றாளர் இருவரும் ஒருவருக்கொருவர் உறவினராகவும் இருக்கக்கூடாது. இங்கேதான் நம்மவர் பலர் தடுக்கி விழுகின்றனர். இலண்டனுக்கு வந்த நாள்முதல் சோறு போட்டு, பிள்ளையைப் பள்ளியிற் சேர்த்துவிட்டு, நன்மை தீமைகளில் முன்நின்ற ஒரு தம்பதியர் இருப்பர். கணவர் ஆசிரியர், மனைவி தாதி. இருவரிடமும் ஒரே மாலையில் கையொப்பம் வாங்கிவிடலாம் என்று தோன்றும். ஆயினும் இருவரில் ஒருவரே கையொப்பமிடலாம்.

உறவுமுறைச் சொற்களாலும் ஒரு சங்கடம் நேர்கிறது. அயலவரை மாமா என்றும் சித்தி என்றும் அழைப்பது நம் மரபு. விண்ணப்பதாரரை எவ்வாறு அறிவீர் என்ற கேள்விக்கு, "நான் அவனுக்கு மாமா முறை" என்று ஒருவர் வெள்ளை மனத்தோடு எழுதிவிட்டால், ஆங்கில உத்தியோகத்தர் அதைத் தாயின் உடன்பிறந்தவர் என்றே கொள்வார். "ஒரே தெருவில் அயலவர்", "கோவிற் பணியில் உடன் உழைப்பவர்" என்று உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். இதற்கு எதிரான குறுக்குவழியும் உண்டு. நமக்குக் குடும்பப்பெயர் வழக்கம் இல்லாமையால், மைத்துனரை அந்நியர் எனக் காட்டினாலும் பெயர் காட்டிக்கொடாது. ஆனால் தெரிந்தே பொய் கூறுவது பிரித்தானியச் சட்டத்தின்படி குற்றம். விண்ணப்பம் மறுக்கப்படலாம், பொய்யின் மேல் பெற்ற பிரசாவுரிமையைப் பின்னர் பறிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. காசு கொடுத்துக் கையொப்பம் வாங்குவோர் இதை ஒருமுறைக்கு இருமுறை சிந்திப்பாராக.

மூன்று ஆண்டுப் பழக்கம் என்பது ஊரோடு ஒன்றி வாழ்ந்தவருக்கு அற்பமான நிபந்தனை. திருக்கோணமலையிலிருந்து போனவர்களிற் பலருக்கோ அதுவே பெரிய மதில். 1983, 1985, 1990ஆம் ஆண்டுகளில் வீடும் தெருவும் எரிந்தன. குடும்பங்கள் மன்னார்க் கரையால் தமிழகம் சேர்ந்து முகாம்களில் தங்கின. சில அங்கிருந்து மேலும் தொலைவு சென்றன. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் கடல் வந்து எஞ்சிய பத்திரங்களையும் கொண்டுபோயிற்று. பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பதிவகத்தில் பெற்றுவிடலாம். "இவனைச் சிறுவயதுமுதல் அறிவேன்" என்று சொல்லக்கூடிய அயலை எந்தப் பதிவகமும் திருப்பித் தராது. படிப்பித்த உபாத்தியாயர் காலமாகிவிட்டார், எதிர்வீட்டார் கனடாவில், பள்ளித்தோழன் எங்கே என்றே தெரியாது. புதிய நாட்டிலோ இரவில் எரிபொருள் நிலையத்தில் வேலை, பகலில் உறக்கம், பத்துப் பேர் பகிர்ந்த ஒரு வீடு. நாளெல்லாம் பழகுவது உறவினரோடும், அதே நிலையில் உள்ள, இன்னும் கடவுச்சீட்டுப் பெறாதவர்களோடும்தான். ஐந்து ஆண்டு ஒழுங்காக வாழ்ந்து, வரி செலுத்தி, பரீட்சையும் சித்தியெய்திய பின்னரே தம்மை ஒருவரும் அறியார் என்பது அவருக்குத் தெரியவருகிறது.

ஆதலின், சான்றாளரைத் தேடும் காலம் விண்ணப்பம் எழுதும் வாரமன்று. பொதுவாக ஐந்து ஆண்டு வதிவும், பிரித்தானியப் பிரசையை மணந்தவருக்கு மூன்று ஆண்டு வதிவும் கேட்கப்படுகின்றன. போய்ச் சேர்ந்த முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே அறிமுகங்களை வளர்ப்பவருக்குக் கணக்குச் சரியாக வரும். பிள்ளையின் வகுப்பாசிரியரோடு வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசுவது நன்று. சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் கதிரை அடுக்க உதவுபவரை அதன் செயலாளர் மறக்கமாட்டார். ஹைகேற் முருகன் கோவிலிலோ விம்பிள்டன் பிள்ளையார் கோவிலிலோ தொண்டு செய்பவரைக் குருக்கள் பெயர் சொல்லி அழைப்பார். தேர்த்திருவிழாவுக்கு மட்டும் சென்று கற்பூரம் காட்டித் திரும்புபவரை அவர் எவ்வாறு அறிவார்? வேலைத்தலத்து மேலாளரையும் மறந்துவிடலாகாது. மூன்று ஆண்டு ஒரே இடத்தில் வேலை செய்தவரை அவரைப் போல் அறிந்தவர் வேறு யார்? இவர்களிடம் முற்கூட்டியே, "ஐயா, உரிய காலம் வரும்போது எனக்காக ஒரு கையொப்பம் இடுவீர்களா?" என்று கேட்டு வைப்பதில் வெட்கம் வேண்டியதில்லை.

கேட்கப்படுபவர் பக்கத்திலும் ஓர் அச்சம் உண்டு. கையொப்பம் என்றதும் நம்மவர் மனத்தில் நீதிமன்றத்து ஆட்பிணை எழுந்து நிற்கிறது. "நாளை அவன் ஏதேனும் செய்தால் என் வீட்டைப் பிடிப்பார்களோ?" என்று பின்வாங்குபவர் பலர். சான்றாளர் பிணையாளி அல்லர். விண்ணப்பதாரரின் கடனுக்கோ பிற்கால நடத்தைக்கோ அவர் பொறுப்பேற்பதில்லை. தாம் அறிந்ததை உண்மையாகச் சொல்வதும், பிரசாவுரிமை வழங்கக்கூடாத காரணம் ஏதேனும் தெரிந்தால் அதை மறையாமல் தெரிவிப்பதுமே அவர் கடமை. அமைச்சு பின்னர் அவரோடு தொடர்புகொள்ளவும் கூடும், அப்போது, "யார் அது? ஞாபகம் இல்லையே" என்று சொல்லாதிருந்தாற் போதும்.

திருக்கோணமலையில் இருந்தவாறே இச்சிக்கலை எதிர்கொள்ளும் குடும்பங்களும் இருக்கின்றன. பிரித்தானியப் பிரசையான பெற்றோர் ஒருவரின் பிள்ளையைப் பதிவு செய்ய வேண்டிய சந்தர்ப்பம் அத்தகையது. பிள்ளைக்கான சான்றாளரில் ஒருவர், ஆசிரியர், வைத்தியத் துறையினர், சமய குரு போலத் தம் தொழில்முறையிலேயே பிள்ளையோடு பழகியவராக இருக்க வேண்டும். இது எளிது. புனித சூசையப்பர் கல்லூரியிலோ கோணேஸ்வர இந்துக் கல்லூரியிலோ மூன்று ஆண்டு பிள்ளையைக் கண்ட ஆசிரியர் கிடைக்கமாட்டாரா? மற்றக் கையொப்பத்துக்குப் பிரித்தானியக் கடவுச்சீட்டு உடையவர் வேண்டும். நிலாவெளிக் கடற்கரையில் வெயில் காயும் ஆங்கிலேயர் இரண்டு வாரத்தில் போய்விடுவார். இவ்வூரில் நிலையாகத் தங்கிவிட்ட ஆங்கிலேயர் நிலாவெளி வீதியிலுள்ள போர்க் கல்லறையில் உறங்குபவர்களே. அவர்களால் கையொப்பமிட இயலாது. அங்கிருந்து திரும்பிவந்து ஊரில் குடியிருக்கும் நம்மவர் எவரேனும் உளரா என்று விசாரிப்பது முதல் வழி. அதுவும் கைகூடாவிடில், வெளிநாட்டில் வசிப்போருக்கு ஒரு சலுகை உண்டு: தாம் வாழும் நாட்டின் பிரசையோ பொதுநலவாய நாட்டுப் பிரசையோ ஒருவர், தொழில்சார் தகுதி உடையவராய் மூன்று ஆண்டு அறிந்தவராய் இருப்பின், கையொப்பமிடலாம். அக்கையொப்பத்தை ஏற்பதா என்பது பிரித்தானியத் தூதரகத்து அதிகாரியின் முடிவு. ஆகவே, முன்னரே எழுதிக் கேட்டுவிடுவது புத்தி.

விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் நகர மண்டபத்தில் உறுதிமொழி வைபவம் நடைபெறும். இவ்வழக்கம் 2004 பெப்ரவரியில், நம்மவர் பலர் வாழும் பிரென்ற் நகரில் தொடங்கிற்று. வைபவத்துக்கு முன்னர் தீர்மானிக்க வேண்டிய ஒரு காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். பிறநாட்டுப் பிரசாவுரிமை பெற்ற நாளோடு இலங்கைப் பிரசாவுரிமை அற்றுப்போகும். 1987ஆம் ஆண்டுத் திருத்தம் இரட்டைப் பிரசாவுரிமைக்கு வழி செய்திருக்கிறது. அதை வேண்டுபவர் கொழும்புக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். வைபவத்துக்குப் பொதுவாக விருந்தினரை அழைத்துச் செல்லலாம். இடம் அதிகம் இராது. பெரும்பாலோர் உறவினரையே அழைக்கின்றனர். கையொப்பமிட்ட பக்கத்து வீட்டுச் சாரதிக்கும் ஒரு நாற்காலி ஒதுக்கினால் குறைந்துவிடாது.