சட்டை மாற்றும் இசைப்பெட்டி

முன்னாளில் வானொலிப் பெட்டி வாங்கியவர் அதன் உருவத்தையும் அப்படியே ஏற்றுக்கொண்டார். மரப்பேழையும் திருகுகளும் செய்தவர் கருதியபடியே அமைந்திருந்தன. பெட்டியின்மேல் பூவேலை செய்த துணியொன்றை விரித்தலும், ஆயுத பூசை நாளில் அதற்குச் சந்தனமும் குங்குமமும் இடுதலும் வீட்டார் செய்யக்கூடியவை. திருகின் இடத்தை மாற்றவோ, எண்களைப் பெரிதாக்கவோ அவரால் இயலாது.

கணினியில் பாட்டிசைக்கும் மென்பொருள் தோன்றியபின் இந்நிலை மாறிற்று. அங்கே பேழையும் இல்லை, திருகும் இல்லை. பொத்தான்போலத் தோன்றுவது ஒரு படமே. அப்படத்தின்மேல் சுட்டியை வைத்து அழுத்தினால், அவ்விடத்திற்குரிய கட்டளை நிறைவேறுகிறது. கட்டளை வேறு, படம் வேறு. ஆதலின் கட்டளையைத் தொடாமலே படத்தை மட்டும் மாற்றிவிடலாம் அன்றோ?

இவ்வுண்மையை உலகறியச் செய்தது வினாம்ப் என்னும் மென்பொருள். அமெரிக்க இளைஞர் ஜஸ்டின் பிராங்கெல், டிமிட்ரி போல்டிரெவ் என்பாருடன் சேர்ந்து இதனை 1997 ஆம் ஆண்டில் வெளியிட்டார். செங்கற்பட்டினின்று பிரிந்து திருவள்ளூர் தனி மாவட்டமானதும் அவ்வாண்டே. வினாம்பின் மேற்றோற்றத்தைப் பயன்படுத்துவோரே வரைந்து மாற்றிக்கொள்ளலாம் என்னும் வசதி விரைவில் வந்தது. அத்தோற்றத்திற்கு ஆங்கிலத்தில் 'ஸ்கின்', அதாவது தோல், என்று பெயர். பாம்பு உரிக்கும் தோலைச் சட்டை என்று வழங்கும் தமிழ்மரபு இதற்கு இன்னும் நன்கு பொருந்தும்.

ஒரு சட்டை என்பது சில படக்கோப்புகளின் தொகுதியே. முதன்மைப் பலகையின் படம் 275 புள்ளி அகலமும் 116 புள்ளி உயரமும் உடையது. பொத்தான்களுக்குத் தனிப்படம் உண்டு. அதன் மேல்வரிசையில் அழுத்தாத பொத்தான்களும், கீழ்வரிசையில் அழுத்திய பொத்தான்களும் வரையப்பட்டிருக்கும். ஒலியளவைக் காட்டுதற்கு மட்டும் 28 சிறுபடங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்துள்ளன. ஒலியைக் கூட்டுந்தோறும் அடுத்த படம் வந்து நிற்கும். அளவையும் இடத்தையும் பிறழவிடாமல் எவ்வண்ணமும் தீட்டலாம். பின்னர் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகச் சுருக்கி, பெயரின் ஈற்றை மாற்றிவிட்டால் சட்டை ஆயத்தம். நிரல் எழுதத் தெரியாத பள்ளிச் சிறுவரும் இதனைச் செய்தனர். இவ்வாறு பலர் செய்த சட்டைகளுள் அறுபதாயிரத்திற்கு மேற்பட்டவை இணையத்தில் இன்றும் காப்பகமாகத் திரட்டி வைக்கப்பட்டுள்ளன.

2002 ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பு எவ்வடிவச் சட்டையையும் ஏற்கும் ஆற்றல் பெற்றிருந்தது. ஆயினும் அது மெதுவாக இயங்கியமையால் பலர் பழைய இரண்டாம் பதிப்பையே விடாது பற்றினர். இரண்டின் நலங்களையும் சேர்த்து மறு ஆண்டில் வெளியிட்டபொழுது, இரண்டும் மூன்றும் ஐந்து என்று கணக்கிட்டு, அதனை ஐந்தாம் பதிப்பு என்றே அழைத்தனர்.

இனி, இக்கலை தமிழ்நாட்டு வீடொன்றில் எவ்வாறு பயன்படும் என்பதைக் காண்போம். 2011 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், மாணவருக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் அரசுத் திட்டம் திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கப்பெற்றது. அத்தகைய கணினி ஒன்றைப் பெற்ற கும்மிடிப்பூண்டி மாணவன் ஒருவனை நினைத்துக்கொள்ளலாம். அவன் தந்தை தொழிற்பேட்டையின் இரும்பு உருட்டாலையில் இரவுப் பணி செய்பவர். விடிந்தபின் வீடு திரும்பி, சன்னலைச் சாத்தி, பழம்பாட்டு ஒன்றைக் கேட்டவாறே உறங்குவது அவர் வழக்கம். மகன் லினக்ஸ் முறைமையில் ஆடேசியஸ் என்னும் இசைப்பானை நிறுவியிருக்கிறான். வினாம்பின் பழைய சட்டைகள் அதற்கும் பொருந்தும். அவன் தேர்ந்தெடுத்ததோ கரிய உலோகத்தகடு போன்ற சட்டை. கருமையின்மேல் கருமையாகப் பொத்தான்கள். பாட்டின் பெயர் ஓடவேண்டிய இடத்தில் தமிழெழுத்து ஒன்றும் தெரியவில்லை. "எந்தப் பாட்டு எங்கே இருக்கிறது, தம்பி?" என்று தந்தை வினவுகிறார். மகன் பள்ளி சென்ற நாளில் அவர் யாரை வினவுவார்?

தமிழெழுத்து தோன்றாமைக்குக் காரணம் உண்டு. சட்டையிலுள்ள எழுத்துகளும் படமே. ஓரெழுத்திற்கு 5 புள்ளி அகலமும் 6 புள்ளி உயரமுமே இடம். அப்படத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளும், எண்களும், சில குறிகளுமே உள. ஆறு புள்ளி உயரத்தில் ணகரத்தின் சுழிகளை வரைந்து பார்த்தவர்க்கு அதன் அருமை விளங்கும். ஆதலின் அமைப்புப் பகுதியில் 'படவெழுத்து' என்னும் தெரிவை நீக்கிவிட்டுக் கணினியிலுள்ள தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். பாட்டின் பெயரும் யுனிகோடு முறையில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். தமிழ்நாட்டரசு 2010 ஆம் ஆண்டில் அம்முறையை ஏற்பதற்குமுன் வெவ்வேறு எழுத்துருக் குறியீடுகள் வழக்கில் இருந்தன. அவற்றில் எழுதிய பெயர்கள் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். அவற்றைத் திருத்தி எழுதுவதன்றி வேறு வழியில்லை.

முதன்மைப் பலகை குறுகியது. பாட்டுப் பட்டியலின் பலகையையோ வேண்டியவாறு விரிக்கலாம். எனவே பெரிய எழுத்தை அங்கே அமைப்பதே தக்கது. அப்பலகையின் வண்ணங்கள் சிறிய உரைக்கோப்பு ஒன்றில் உள்ளன. பொது எழுத்து, ஓடும் பாட்டின் எழுத்து, பின்னணி, தெரிவுசெய்த வரியின் பின்னணி என நான்கு வண்ணங்களே அதில் இன்றியமையாதவை. மகன் முதலில் வெள்ளைப் பின்னணி இடுகிறான். சாத்திய அறையில் அது கண்ணைக் கூசச் செய்கிறது. பின்னர்க் கருநீலத்தின்மேல் இளமஞ்சள் எழுத்து இடுகிறான். பொத்தான் படத்திலும் அம்மஞ்சளையே தீட்டுகிறான். ஓடும் பாட்டிற்கு வெண்மை. இருமடங்கு அளவு என்னும் தெரிவையும் ஏற்றியபின், பொத்தான்கள் விரல்நுனி அளவிற்குப் பெருகுகின்றன.

மறுநாட் காலையில் தந்தை பட்டியலைத் தாமே படிக்கிறார். மூன்றாம் வரியைத் தெரிந்து அழுத்துகிறார். இரண்டாம் சரணம் வருமுன் உறங்கிவிடுகிறார். பாட்டு தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கிறது.