நாய்க்கு வரும் உண்ணிக் காய்ச்சல்
(வானொலி வேளாண் நிகழ்ச்சியில் நிகழ்த்திய உரை)



கறவை மாட்டுக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போகிறோம். காவல் நாய்க்குக் காய்ச்சல் என்றால், ‘ரெண்டு நாள்ல சரியாப் போயிடும்’ என்று விட்டுவிடுகிறோம். இதனால் வரும் நஷ்டத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

வாலாஜாபாத் பக்கத்திலே ஒரு விவசாயி. கடலைக் கொல்லையில் காட்டுப் பன்றியை நுழையவிடாமல் காத்தவை அவர் வளர்த்த இரண்டு நாட்டு நாய்கள். அதில் மூத்தது ஒரு நாள் சோறு வைத்தால் மோந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. திருஷ்டி என்றார்கள், கயிறு கட்டினார்கள். பிறகு யாரோ சொன்ன சத்து டானிக்கைக் கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் மூக்கிலிருந்து இரத்தம் வழிந்தது. அப்போதுதான் என்னிடம் தூக்கி வந்தார். உதட்டைத் தூக்கிப் பார்த்தேன்; ஈறு காகிதம் போல வெளுத்திருந்தது. இரண்டு நாளில் நாய் போய்விட்டது. காது மடலுக்குள் பார்த்தால், கொத்துக் கொத்தாக உண்ணி!

உண்ணி இரத்தத்தைக் குடிப்பதோடு நிற்பதில்லை. ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்கு நோய்க் கிருமியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. நம் பக்கத்தில் முக்கியமாக இரண்டு கிருமிகளைச் சொல்லலாம். ஒன்று எர்லிக்கியா. இது வெள்ளணுவுக்குள் குடியேறும். இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களை இது குறைத்துவிடுவதால் மூக்கில் இரத்தம் வரும், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தோன்றும். மற்றது பாபேசியா. இது சிவப்பணுவை உடைக்கும். ஈறு வெளுக்கும், சில நாய்களுக்கு மூத்திரம் காப்பி டிகாக்ஷன் நிறத்தில் போகும், கண் மஞ்சளாகும். இரண்டிலும் காய்ச்சல், சோர்வு, மண்ணீரல் வீக்கம் உண்டு. இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு.

இது புதிய நோய் என்று நினைக்க வேண்டாம். பாபேசியாவில் ஒரு வகையை 1910-ல் நம் சென்னையிலேதான் பேட்டன் என்ற மருத்துவர் கண்டுபிடித்தார். வெள்ளைக்காரர்கள் நரி வேட்டைக்கு வளர்த்த நாய்களின் இரத்தத்தில் முதலில் பார்த்தார். பிறகு நரியின் இரத்தத்திலும் அதையே பார்த்தார். எர்லிக்கியாவும் லேசுப்பட்டதல்ல. வியட்நாம் போரில் 1968 முதல் 1970 வரை அமெரிக்கப் படையின் நாய்கள் நூற்றுக்கு மேல் இந்த நோயால் மடிந்தன.

‘நாய்க்குக் கருங்காய்ச்சல் வருமாமே?’ என்று சிலர் கேட்கிறார்கள். காலா அசார் என்பது அதன் பெயர். அதைப் பரப்புவது மணல் ஈ. அந்தக் கிருமியையும் 1903-ல் சென்னைப் பொது மருத்துவமனையில் டோனோவன் என்ற மருத்துவர் நோயாளியின் மண்ணீரலில் கண்டார். லண்டனில் லீஷ்மன் என்பவரும் அதே ஆண்டு அதைப் பற்றி எழுதினார். பிரேசிலிலும் மத்தியதரைக் கடல் நாடுகளிலும் அது நாயிடம் தங்கி மனிதனுக்கு வருகிறது. நம் நாட்டில் அது பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் ஆகிய பகுதிகளில், பெரும்பாலும் மனிதனிடமிருந்து மனிதனுக்கே மணல் ஈ மூலம் பரவுகிறது. அந்த நோய் வந்த நாயும் மெலியும், மூக்கில் இரத்தம் வரும், மண்ணீரல் வீங்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். ஆகவே கண்ணால் பார்த்து ‘இது இன்ன நோய்’ என்று முடிவு கட்டக் கூடாது. இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

பரிசோதனை பெரிய காரியமில்லை. காது நுனியில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகத் தடவுவார்கள். அதற்குச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். அந்தச் சாயங்களில் ஒன்றுக்கு இன்றும் லீஷ்மன் சாயம் என்றுதான் பெயர். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: தகட்டில் கிருமி தெரிந்தால் நோய் உறுதி, தெரியவில்லை என்றால் நோய் இல்லை என்று அர்த்தமல்ல. கிருமி குறைவாக இருந்தால் கண்ணுக்குச் சிக்காது. அப்போது தட்டணுக்களை எண்ணிப் பார்ப்பதும், சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் மேல் பரிசோதனை செய்வதும் உண்டு. மருந்து கொடுப்பதற்கு முன்பே இரத்தம் எடுத்துவிட வேண்டும்.

அந்த விவசாயியின் கதைக்கு வருகிறேன். ஒரு மாதம் கழித்து இளைய நாயும் சுருண்டு படுத்தது. இந்தத் தடவை அவர் காத்திருக்கவில்லை, மறுநாளே கொண்டுவந்தார். எர்லிக்கியா என்று தெரிந்தது. எடை பார்த்து மாத்திரை கொடுத்தோம். ஐந்தாம் நாளே நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஓடியது. ‘நல்லாயிட்டுதுங்க, நிறுத்திடலாமா?’ என்றார். கூடாது என்றேன். இந்த மருந்தை 28 நாள் விடாமல் கொடுக்கணும். பாதியில் நிறுத்தினால் கிருமி உள்ளே பதுங்கும். மாதங்கள் கழித்து எலும்பு மஜ்ஜையையே கெடுக்கும். அப்புறம் காப்பாற்றுவது கடினம். பாபேசியாவுக்கு மருந்து வேறு. மனிதர்களுக்குக் கொடுக்கும் காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. அவை விஷமாகலாம், இரத்தக் கசிவையும் கூட்டும்.

அவரை ஒரு நோட்டில் கணக்கு எழுதச் சொன்னேன். தேதி, சாப்பிட்ட அளவு, ஈறின் நிறம், மூத்திரத்தின் நிறம், பிடுங்கிய உண்ணி எத்தனை. வாரம் ஒரு முறை எடை. வெப்பமானி இருந்தால் காய்ச்சலும் பார்க்கலாம், நாய்க்கு 100.5 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை சாதாரணம். ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வரணும். அந்த நோட்டைப் பார்த்தாலே டாக்டருக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும். மருந்து முடிந்ததும் மறுபடி இரத்தம் பார்த்தோம். அந்த நாய் இன்றைக்கும் கொல்லையைக் காக்கிறது.

நாயைக் குணப்படுத்தியாச்சு, வீட்டை? நாய் உண்ணி குஞ்சு, இளம் உண்ணி, பெரிய உண்ணி என்று மூன்று முறை நாய்மேல் ஏறி மூன்று முறை இறங்குகிறது. இறங்கியது சுவர் வெடிப்பில் ஒளியும். ஒரு பெண் உண்ணி அங்கே ஆயிரக்கணக்கில் முட்டையிடும். காஞ்சிபுரத்து நெசவாளர் வீடுகளில் தறிக்குழி ஓரம் குளிர்ச்சியாக இருக்கும் என்று நாய் போய்ப் படுக்கும். அந்தக் குழிச் சுவரின் இடுக்கும் உண்ணிக்கு நல்ல இடம். ஆகவே வெடிப்புகளைப் பூசி அடையுங்கள், சுண்ணாம்பு அடியுங்கள். நாய் படுக்கும் சாக்கை வெந்நீரில் போடுங்கள். மருந்து தெளிப்பதானால் டாக்டர் சொன்ன அளவில், பாவும் பட்டு நூலும் இல்லாத நேரத்தில் தெளியுங்கள். முட்டை பொரித்து வருவதால் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடியும் தெளிக்க வேண்டும். நாய்மேல் மண்ணெண்ணெய் தடவாதீர்கள். பிடுங்கிய உண்ணியை விரலால் நசுக்காமல் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். அதிலுள்ள கிருமி சில சமயம் நமக்கும் காய்ச்சல் தரும்.

இந்த உண்ணி மாட்டுக்கு வருமா என்ற கவலை வேண்டாம். மாட்டு உண்ணி வேறே, நாய் உண்ணி வேறே. ஆனால் தெருவில் ஒரு நாய்க்கு நோய் என்றால் அடுத்த வீட்டு நாயின் காதையும், கால் விரல் இடுக்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சோறு வைத்து நாய் சாப்பிடாமல் படுத்தால், அன்றைக்கே அதன் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தால் அடுத்த நாள் பொழுது விடிந்ததும் கால்நடை மருந்தகத்தில் இருக்க வேண்டும். இராத்திரியெல்லாம் கண் விழித்து நம் கொல்லையைக் காக்கும் ஜீவனுக்கு நாம் செய்யக்கூடியது அதுதான்.