பேரேட்டுக்கு இரண்டாவது பிரதி

ஒரு காலத்தில் எமது கடைகளில் பேரேடு இருந்தது. இரவில் கடை மூடும்போது அதை அலுமாரியில் வைத்துப் பூட்டிய பின்னரே முதலாளி வீட்டுக்குப் போவார். இன்று அந்தப் பேரேடு லெப்டொப்புக்குள் போய்விட்டது. பூட்டி வைக்கும் பழக்கத்தைத்தான் பலர் மறந்துவிட்டோம். லெப்டொப் கீழே விழுந்தாலோ களவு போனாலோ, கடன் பாக்கிப் பட்டியலும் இருப்புக் கணக்கும் ஸகாத் கணக்கிடத் தேவையான பதிவுகளும் ஒரே நாளில் போய்விடும். பாக்கி வைத்தவர் நல்லவராக இருந்தாலும், எவ்வளவு என்று நாம் சொல்ல வேண்டுமே!

இதற்கு வழி, யூ.எஸ்.பி. கேபிளால் இணைக்கும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து வைப்பது. வாங்கப் போகுமுன் சில விடயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலாவது, அளவு. 2.5 அங்குல வகை சட்டைப் பைக்குள் அடங்கும். லெப்டொப்பிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். 3.5 அங்குல வகைக்குத் தனியாக மின் இணைப்பு வேண்டும். 2022 மார்ச் இறுதியில் 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. லெப்டொப் வைத்திருப்பவருக்குச் சிறியதே வசதி.

இரண்டாவது, வகை. சாதாரண ஹார்ட் டிஸ்க்கினுள் தட்டுச் சுழல்கிறது. விலை குறைவு, ஆனால் இயங்கும்போது கைதவறி விழுந்தால் பழுதாகலாம். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகம் இல்லை. வேகமும் அதிகம், விலையும் அதிகம். ஊர் ஊராக ஓர்டர் எடுக்கப் போகிறவர் எஸ்.எஸ்.டி. வாங்கலாம். அலுமாரியில் வைத்துக் கிழமைக்கொரு முறை எடுப்பவருக்குச் சாதாரண வகையே போதும்.

மூன்றாவது, வேகம். யூ.எஸ்.பி. 3.0 அல்லது அதற்குப் பிந்தியதையே கேளுங்கள். 100 கிகாபைட் பதிவை மாற்ற 2.0 இல் முக்கால் மணி நேரமளவு செல்லும், 3.0 இல் சாதாரண ஹார்ட் டிஸ்க்குக்கே கால் மணி நேரமளவுதான். லெப்டொப்பின் துளையும் 3.0 ஆக இருக்க வேண்டும். பெரும்பாலும் அதன் உட்புறம் நீல நிறமாக இருக்கும்.

நான்காவது, கொள்ளளவு. பில்லும் கணக்கும் மட்டுமென்றால் 1 டெராபைட் தாராளம். வாங்கி மாட்டியதும் 931 கிகாபைட் என்று காட்டினால் நிறுவையில் ஏமாற்றிவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரத்தால் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1024 ஆல் கணக்கிடுகிறது. உண்மையான ஏமாற்று வேறு. 16 டெராபைட் என்று எழுதி, நம்ப முடியாத மலிவு விலைக்கு இணையத்தில் விற்கும் பெட்டிகள் சிலவற்றினுள் இருப்பது ஒரு சிறு மெமரி கார்ட்தான். முழுக் கொள்ளளவுக்கும் எழுதி வாசித்துச் சோதிக்கும் இலவச மென்பொருள்கள் உண்டு. வாங்கிய அன்றே சோதியுங்கள்.

உத்தரவாதம் பற்றியும் ஒரு சொல். பழுதானால் புது டிஸ்க் தருவார்கள். உங்கள் கணக்கைத் தரமாட்டார்கள்.

ஆகவே எதை வாங்குகிறோம் என்பதைவிட எப்படி வைத்திருக்கிறோம் என்பது முக்கியம். 2023 ஆகஸ்டில் எமது அரச மின்னஞ்சல் சேவையை வைரஸ் தாக்கியபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவுகள் அழிந்தன. பிரதியும் அதே வலையமைப்பில் இருந்ததால் அதுவும் தப்பவில்லை. எப்போதும் லெப்டொப்பில் மாட்டியே இருக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் இதே கதிதான்.

பிரதி எடுத்ததும் கழற்றிவிடுங்கள். இயலுமானால் இரண்டு வாங்கி, ஒன்றைக் கடையிலும் மற்றதை வீட்டிலும் வைத்து, கிழமைக்குக் கிழமை மாற்றுங்கள். கடையில் தீயோ வெள்ளமோ வந்தாலும் வீட்டுப் பிரதி மிஞ்சும். கணக்குகளை வேறொருவர் பார்க்காதிருக்கக் கடவுச்சொல்லும் இடுங்கள். மாதமொரு முறை அதிலிருந்து ஒரு பில்லைத் திறந்து பாருங்கள். திறக்காத பிரதி, எண்ணிப் பார்க்காத காசு மாதிரி.

இந்த வியாழன் கடை மூடுமுன் முதல் பிரதியை எடுத்துவிடுங்கள்.