'பிளாக் ஸ்வான்' படத்தில் ஆடிய கால்கள் யாருடையவை?

பாலே நடனக் கலைஞர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? வெள்ளை உடை, விரல்நுனியில் நிற்கும் கால், கண்ணாடி முன் அழும் பெண், கொஞ்சம் கொஞ்சமாகக் குழம்பிப்போகும் மனசு. இந்தப் பிம்பத்தை நம் தலைமுறைக்குக் கொடுத்ததில் 2010-ல் வெளிவந்த 'பிளாக் ஸ்வான்' படத்துக்குப் பெரிய பங்கு உண்டு. டேரன் அரனாஃப்ஸ்கி இயக்கிய அந்தப் படத்துக்காக, நடாலி போர்ட்மேன் 2011-ல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் வாங்கினார். அடுத்த சில வாரங்களிலேயே வெடித்தது டூப் சர்ச்சை.

போர்ட்மேனுக்கு நடன டூப்பாக ஆடியவர் நியூயார்க்கின் அமெரிக்கன் பாலே தியேட்டரைச் சேர்ந்த சாரா லேன். முழு உடலும் தெரிகிற ஷாட்களில் போர்ட்மேன் ஆடியது சுமார் 5 சதவீதம்தான் என்றார் அவர். அரனாஃப்ஸ்கி உட்கார்ந்து எண்ணியே காட்டிவிட்டார். மொத்தம் 139 நடன ஷாட்கள், அதில் 111 போர்ட்மேன், 28 லேன். ஆக, 80 சதவீதம் நாயகியே ஆடியது என்பது இயக்குநர் கணக்கு.

அப்போ யார் சொல்வது பொய்? ரெண்டு பேருமே பொய் சொல்லத் தேவையில்லை. லேன் பேசியது தலை முதல் கால் வரை தெரியும் ஷாட்களைப் பற்றி. இயக்குநர் எண்ணியதோ எல்லா நடன ஷாட்களையும். முகமும் தோளும் மட்டும் தெரிகிற ஷாட்டில் கால் என்ன செய்தால் என்ன? கால் தெரியவேண்டிய சில இடங்களில் லேனின் உடம்பில் போர்ட்மேனின் முகத்தை கிராஃபிக்ஸில் ஒட்டினார்கள்.

லேனின் கோபம் சதவீதத்தைப் பற்றியது மட்டுமல்ல. ஒன்றரை வருடத்தில் ஒருவர் பாலே கலைஞராகிவிட முடியும் என்ற தோற்றத்தை உருவாக்குகிறார்களே என்பதுதான் அவருடைய ஆதங்கம். போர்ட்மேன் சிறுவயதில் பாலே கற்றவர், படத்துக்காகவும் கடுமையாகப் பயிற்சி எடுத்தார். அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் விரல்நுனியில் நிற்கும் ஷூவைப் போடவே குழந்தைகள் பல வருடம் காத்திருக்க வேண்டிய கலை இது.

அந்த ஷூ தனிக்கதை. துணியையும் அட்டையையும் பசை போட்டு அடுக்கி, மேலே பளபளக்கும் சாட்டின் துணி சுற்றியது. புதுசாக வந்ததும் தரையில் அடித்து, வளைத்து, அடிப்பாகத்தைக் கீறி, ரிப்பனைத் தானே தைத்து ஒவ்வொருவரும் தன் காலுக்குப் பழக்கிக்கொள்வார்கள். முக்கிய வேடத்தில் ஆடுபவருக்கு ஒரே நிகழ்ச்சியில் ஒரு ஜோடி காலியாகிவிடலாம். 'பிளாக் ஸ்வான்' இந்த வேலையைச் சில நொடிகள் காட்டுகிறது. சிறகு முளைக்கும் காட்சிகளைவிட எனக்குப் பிடித்தது அதுதான்.

'கலையா, வாழ்க்கையா' என்று பாலே பெண்ணைக் கொன்றுவிடும் வழக்கம் பழையது. 1948-ல் வந்த 'தி ரெட் ஷூஸ்' படத்திலேயே காதலுக்கும் நடனத்துக்கும் நடுவில் சிக்கிய நாயகி ரயில் முன்னால் பாய்கிறாள். அதில் நடித்த மொய்ரா ஷியரர் நிஜ பாலே கலைஞர் என்பதால் டூப் தேவைப்படவில்லை. மும்பைப் பின்னணியில் 2020-ல் வந்த 'யே பாலே'விலும், தன் கதையைத் தழுவிய பாத்திரத்தில் மனீஷ் சௌஹான் தானே ஆடினார்.

பைத்தியமும் இல்லாமல் தற்கொலையும் இல்லாமல் ஒரு பாலே படம் வேண்டுமா? ராபர்ட் ஆல்ட்மேனின் 'தி கம்பெனி' (2003) பாருங்கள். சிகாகோவின் ஜாஃப்ரி பாலே குழுவை வைத்தே எடுத்தது. நாயகி பாரில் வேலை பார்க்கிறாள். வாடகை கொடுக்க முடியாதவர்கள் ஒரே வீட்டில் வரிசையாகத் தரையில் படுத்துத் தூங்குகிறார்கள். ஒத்திகையில் ஒருத்திக்குக் குதிகால் தசைநார் அறுகிறது, வேடம் இன்னொருத்திக்குப் போகிறது. கதையே இல்லை என்று சிலர் அலுத்துக்கொள்ளலாம். எனக்கு அதுதான் கதை.

சினிமா இன்னும் பெரிதாகத் தொடாத ஒன்று, பென்ஷன். பாரிஸ் ஓபரா நடனக் கலைஞர்கள் 42 வயதில் ஓய்வு பெறலாம். அந்த ஓய்வூதிய ஏற்பாடு 14-ம் லூயி மன்னர் காலத்தில், 1698-ல் தொடங்கியது. 2019-ல் பிரான்ஸ் அரசு அதில் கைவைக்கவே வேலைநிறுத்தம் தொடங்கியது. இனி சேருகிறவர்களுக்கு மட்டும்தான் புது விதி, உங்களுக்குப் பாதிப்பில்லை என்று அரசு சமாதானம் பேசியது. அவர்கள் ஏற்கவில்லை. டிசம்பர் 24 அன்று, குளிரில், ஓபரா கட்டடத்தின் வாசலிலேயே வெள்ளை உடையில் வந்து ஆடினார்கள். ஆடியது 'பிளாக் ஸ்வான்' நாயகி ஆடத் துடித்த அதே 'ஸ்வான் லேக்'.