கடையைக் கைமாற்றுமுன்

பிழைப்பை நாடி வெளிமாநிலங்களுக்குச் சென்று, அங்கே ஒரு சிற்றுண்டிச் சாலையோ மளிகைக் கடையோ அச்சகமோ வைத்து நிலைபெற்ற தமிழர்கள் அநேகர். மும்பையின் மாதுங்காவிலும் தாராவியிலும், தில்லியின் கரோல் பாக்கிலும், கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியிலும் இத்தகையோரைக் காணலாம். கடையைத் தொடங்குவது எங்ஙனம் என்று இவர்களுக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை. அதிலிருந்து விலகுவது எங்ஙனம் என்பதைத்தான் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பிள்ளைகள் வேறு உத்தியோகத்துக்குப் போய்விடுகிறார்கள். முழங்கால் வலிக்கத் தொடங்குகிறது. ஊரில் கட்டிய வீடு பூட்டிக் கிடக்கிறது. ஒரு நாள், 'போதும், விற்றுவிடலாம்' என்று தீர்மானிக்கிறார்கள். அவசரப்பட்டு விற்பவருக்கு, வாங்குபவர் சொன்னதே விலை. ஆதலால், விலக நினைக்கும் நாளுக்கு மூன்று வருஷமாவது முன்னதாக ஏற்பாடுகளைத் தொடங்குவது நலம்.

முதலில், விற்கப்படுவது என்ன என்பதில் தெளிவு வேண்டும். மேசை நாற்காலிக்கும் மாவரைக்கும் இயந்திரத்துக்கும் பழைய சாமான் விலைதான் கிடைக்கும். வாங்குபவர் பணம் கொடுப்பது, நாளைக்கும் அந்தக் கடைக்கு ஆட்கள் வருவார்கள் என்ற நம்பிக்கைக்கு. அந்த நம்பிக்கை கடையின்மேல் இருக்கிறதா, கடைக்காரர்மேல் இருக்கிறதா என்பதே கேள்வி.

ஓர் உதாரணம் கொள்வோம். ஓர் இட்டிலிக் கடையில் மாதம் 1,00,000 ரூபாய் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து கல்லாவில் அமர்பவர் உரிமையாளர். சாம்பாரின் பக்குவம் அவர் மனைவியின் கையில். சந்தைக்குச் சென்று சரக்கு எடுப்பவர் தம்பி. மூவரில் ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. வாங்க வருபவர் இந்த மூன்று வேலைகளுக்கும் ஆள் வைத்தால் 70,000 ரூபாய் ஆகும் என்று கணக்கிடுகிறார். ஆக, அவர் கண்ணில் லாபம் 30,000 மட்டுமே. விலையும் அதையொட்டியே அமையும். அம்மையார் போன பின் சாம்பார் என்னாகுமோ என்ற பயத்தில், அதிலும் ஒரு பகுதியைக் குறைத்துக் கேட்பார். இதை அநியாயம் என்று சொல்வதற்கில்லை. நாம் வாங்கப் போனாலும் அப்படித்தான் கேட்போம்.

இந்தப் பயத்தைப் போக்குவதே மூன்று வருஷத்து வேலையாகும். பக்குவத்தை அளவோடு எழுதி வைத்து, ஒரு சரக்கு மாஸ்டரைப் பழக்க வேண்டும். மாவு, காய்கறி, பால் ஆகியவற்றை யாரிடம் என்ன விலைக்கு வாங்குகிறோம் என்பதும் ஏட்டில் ஏற வேண்டும். குடும்பத்தார் உழைப்புக்கும் சம்பளம் எழுதலாம். பிறகு, ஊர்த் திருவிழாவுக்கென்று ஒரு மாதம் கடையை விட்டுப் போய்ப் பார்க்க வேண்டும். அந்த மாதத்து வசூல் பெரிதும் குறையாமல் இருந்தால், அதைவிடச் சிறந்த சாட்சியம் வேறில்லை. இக்காலத்தில் இன்னொன்றும் உண்டு. கல்லாவில் ஒட்டியிருக்கும் பணம் செலுத்தும் கட்டப்படம் மகனுடைய சொந்தக் கணக்குக்கும், வாடிக்கையாளர் அழைக்கும் தொலைபேசி எண் மருமகளுக்கும் சொந்தமாக இருப்பதைக் காண்கிறோம். அவற்றைக் கடையின் பெயருக்கு மாற்றிவிட வேண்டும்.

கணக்குப் புத்தகத்தைப் பற்றி ஒரு சொல். நாள்வழியிலும் பேரேட்டிலும் ஏறாத வருமானத்தை யாருக்கும் விற்க முடியாது. வரிக்கு அஞ்சி மறைத்த ரொக்கத்தை, விலை பேசும்போது மட்டும் 'உண்மையில் இவ்வளவு' என்று சொன்னால் யார் நம்புவார்? மூன்று வருஷத்து வருமான வரிக் கணக்கும், சரக்கு சேவை வரிக் கணக்கும், வங்கிக் கணக்கும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். வியாபாரம் முழுமையாகக் கைமாறும்போது, நிலுவையாக நிற்கும் சரக்கு சேவை வரிக்கு விற்றவரும் வாங்கியவரும் கூட்டாகப் பொறுப்பாவார்கள் என்பது சட்டம். விவரமறிந்தவர் இதைத் துருவாமல் முன்பணம் தரமாட்டார்.

வாடகை இடத்தில் கடை வைத்திருப்பவருக்குச் சிக்கல் அதிகம். தமிழில் பகடி என்றால் கேலி. மும்பையில் அது விளையாட்டன்று. தலைப்பாகை என்று பொருள்படும் இச்சொல்லால், குடியிருப்பு உரிமைக்காக வாடகைக்கு மேல் தரும் பெருந்தொகையை அங்கே குறிக்கிறார்கள். 1947-ஆம் வருஷத்து வாடகைச் சட்டம் இத்தகைய தொகை வாங்குவதைத் தடுத்தது. எனினும் இடத்தின் வாடகை உரிமையை, நடக்கும் வியாபாரத்தோடும் சரக்கோடும் நன்மதிப்போடும் சேர்த்து முழுமையாகக் கைமாற்றுவதை அச்சட்டத்தின்கீழ் 1948-ல் வந்த அறிவிப்பு அனுமதித்தது. வெறும் சாவியை விற்பது வேறு, வியாபாரத்தை விற்பது வேறு என்று அரசே அன்று பகுத்துப் பார்த்தது கவனிக்கத்தக்கது. பிறகு வந்த 1999-ஆம் வருஷத்து மகாராஷ்டிர வாடகைச் சட்டம் அத்தொகையைச் சட்டபூர்வமாக்கியது. ஆயினும் கட்டட உரிமையாளரின் சம்மதமின்றிக் கைமாற்றப் புகுவது வழக்கை விலைக்கு வாங்குவதாகும். அவர் தமக்கும் ஒரு பங்கு கேட்பது வழக்கம். அதை முன்கூட்டிப் பேசி எழுத்தில் வாங்கிக்கொண்ட பின்னரே விலை கூற வேண்டும். பிற மாநிலங்களின் சட்டம் வேறாதலால், அவ்வூர் வழக்கறிஞரைக் கேட்டறிய வேண்டும்.

உணவு உரிமம் விற்பனையோடு சேர்ந்து போவதன்று; வாங்குபவர் தம் பெயரில் பெற வேண்டும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமாயின், பொதுவாக 5 வருஷம் தொடர்ந்து உழைத்தவருக்கு வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை உண்டு. பழைய வருஷங்களுக்கான பணிக்கொடை யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால், இருவரிடையேயும் அகப்பட்டுத் துன்புறுபவர் ஊரிலிருந்து உங்களை நம்பி வந்த சிப்பந்திதான்.

அண்ணன் தம்பியர் வாய்ச்சொல்லால் கூட்டு வைத்திருப்பது நம்மவரிடம் பெருவழக்கு. எனினும் பங்கு ஒப்பந்தத்தை இப்பொழுதாவது எழுதிக்கொள்ளுங்கள். கூட்டிலிருந்து விலகுபவர், 1932-ஆம் வருஷத்துச் சட்டப்படி அரசிதழிலும் உள்ளூர் மொழிப் பத்திரிகையிலும் அறிவிப்பு வெளியிட வேண்டும். கூட்டு பதிவாகியிருந்தால் பதிவாளருக்கும் தெரிவிக்க வேண்டும். அறிவிப்பு இல்லாதவரை, பின்னர் மற்றவர் வாங்கும் கடனும் விலகியவர் தலையில் விழக்கூடும்.

பெரும்பாலும் கடையை வாங்க முன்வருபவர், அங்கேயே பல வருஷம் வேலை செய்த மாஸ்டராகவே இருப்பார். இது நல்ல ஏற்பாடு என்பதே என் கருத்து. வாடிக்கையாளர் அவர் கைச்சுவையை அறிந்தவர்கள். ஆனால் அவரிடம் முழுப் பணம் இராது. தவணைக்கு ஒப்புக்கொள்வதாயின் பாதியையாவது முதலில் பெற்று, மிச்சத்துக்கு ஜாமீன் கேட்பதில் கூச்சம் வேண்டா. கேட்டவுடன் தருவதாக எழுதிய பிராமிசரி நோட்டின்மேல் வழக்குத் தொடுக்க, எழுதிய நாளிலிருந்து மூன்று வருஷமே கெடு. அதே தெருவில் புதுக் கடை திறப்பதில்லை என்று விற்பவர் எழுதிக் கொடுப்பதும் முறையே. தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது எனினும், நன்மதிப்பை விற்றவரை நியாயமான எல்லைக்குள் கட்டுப்படுத்த 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் இடம் தருகிறது.

சாவியைக் கொடுத்த பிறகும் வேலை மீதி உண்டு. சரக்கு சேவை வரிப் பதிவை ரத்துச் செய்ய 30 நாளுக்குள் விண்ணப்பித்து, ரத்தான பின் இறுதிக் கணக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். மின்சார இணைப்புக்குக் கட்டிய வைப்புத் தொகையைக் கேட்டுப் பெறலாம். ஆண்டுக் கணக்குக்குரிய கெடுவிலிருந்து 72 மாதங்கள் புத்தகங்களைக் காக்க வேண்டுமென்பதால், ஊருக்கு அனுப்பும் பெட்டிகளில் பேரேடுகளுக்கும் இடம் ஒதுக்குங்கள்.