பாடசாலை நேரமும் மாணவியின் சுதந்திரமும்: நெகிழ்வான நேரக்கூற்று முறை பற்றி ஒரு நோக்கு

கலைத்திட்டம், பாடநூல், பரீட்சை ஆகியன குறித்து விவாதிக்கப்படும் அளவுக்கு நேரசூசி குறித்து விவாதிக்கப்படுவதில்லை. அதிபரின் அறைச்சுவரிலே தொங்கும் ஒரு நிர்வாகப் பத்திரமாகவே அது பெரும்பாலும் கருதப்படுகின்றது. ஆயின், மாணவியொருத்தியின் நாளில் எந்த நாற்பது நிமிடம் எவருக்கு உரியது என்பதை நிர்ணயிப்பது அப்பத்திரமே. ஐக்கிய அமெரிக்காவில் 1960களில் தோன்றிப் பரவிய ‘நெகிழ்வான மொடியூலர் நேரசூசி’ இவ்வுரிமையைக் கேள்விக்குள்ளாக்கிய ஒரு முயற்சியாகும். பெண்கள் உயர்தரப் பாடசாலைகள் சிலவற்றில் அது நீடித்து நிலைத்தமை எமது கவனத்திற்குரியது. மொடியூல் என்பதனை நாம் இங்கு நேரக்கூறு என வழங்குவோம்.

இம்முறை எதற்கு எதிராக எழுந்தது என்பதை முதலில் நோக்குதல் தகும். 1905ஆம் ஆண்டில் அன்ட்ரூ கார்னகி கல்லூரிப் பேராசிரியர்களின் ஓய்வூதியத்திற்கென நிதியம் ஒன்றினை ஏற்படுத்தினார். எந்த நிறுவனம் உண்மையில் கல்லூரி எனத் தக்கது என்பதை அந்நிதியத்தினர் தீர்மானிக்க வேண்டியிருந்தது. அதற்காக, கல்லூரிக்கு வருவோர் உயர்தரப் பாடசாலையில் எவ்வளவு கற்றிருத்தல் வேண்டும் என்பதற்கு ஓர் அளவுகோலும் வேண்டியதாயிற்று. ஒரு பாடத்தை ஓராண்டில் ஏறத்தாழ 120 மணித்தியாலங்கள் கற்பது ஓர் அலகு எனவும், அத்தகைய 14 அலகுகள் கல்லூரி அனுமதிக்குப் போதுமானவை எனவும் வகுக்கப்பட்டது. பேராசிரியர்களின் ஓய்வூதியத்துக்காகப் பிறந்த இக்கணக்கு, பின்னர் பதினான்கு வயதுச் சிறுமியின் அன்றாட வாழ்வை ஆளத் தொடங்கிற்று! இரசாயனவியலாயினும் இலக்கியமாயினும், விரிவுரையாயினும் பரிசோதனையாயினும், நாள்தோறும் ஒரே நீளமுள்ள பாடவேளை, ஒரே பருமனுள்ள வகுப்பு என்பது இதன் விளைவாகும்.

இவ்வொழுங்கினைத் தகர்க்க முனைந்தோருள் லொயிட் ட்ரம்ப் முதன்மையானவர். இடைநிலைப் பாடசாலை அதிபர்களின் தேசிய சங்கம் 1956இல் அமைத்த ஆணைக்குழுவின் சார்பில் அவர் 1959இல் வெளியிட்ட அறிக்கை, மாணவரின் நேரத்தில் 40 சதவீதம் நூறு பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கொண்ட பெருங்குழுவிலும், 20 சதவீதம் பதினைந்து பேருக்கு மேற்படாத சிறுகுழுவிலும், எஞ்சிய 40 சதவீதம் சுயகற்றலிலும் கழிய வேண்டும் என்றது. 1964இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொபேர்ட் புஷ், டுவைட் அலன் ஆகிய இருவரும் தமது நூலில் இதனை மேலும் விரித்துரைத்தனர்.

முறையின் இயக்கத்தை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். நாளொன்றை 20 நிமிட நேரக்கூறுகள் இருபதாகப் பகுத்துக்கொள்வோம். நேரக்கூறு தானே பாடவேளை அன்று. அது செங்கல் போன்றது. விரிவுரைக்கு இரண்டு, பரிசோதனைக்கு நான்கு, மொழிப்பயிற்சிக்கு ஒன்று எனத் தேவைக்கேற்ப அவை அடுக்கப்படும். திங்கள், செவ்வாய் என்னும் கிழமைகளுக்குப் பதிலாக ‘முதலாம் நாள்’, ‘இரண்டாம் நாள்’ எனச் சுழலும் ஆறு நாட் சுற்றினைக் கைக்கொள்ளும் பாடசாலைகளும் உண்டு. விடுமுறை வந்தாலும் ஒரே பாடம் மீண்டும் மீண்டும் பலியாவதை அது தவிர்க்கும்.

இரசாயனவியல் கற்கும் மாணவிகள் 120 பேர் உளர் எனக் கொள்வோம். பழைய முறையில் முப்பது பேர் கொண்ட நான்கு வகுப்புகள், ஒவ்வொன்றுக்கும் வாரத்தில் 40 நிமிடப் பாடவேளைகள் ஐந்து. ஆசிரியர்கள் செலவிடும் மொத்த நேரம் 800 நிமிடங்கள். புதிய முறையில் அனைவருக்கும் பொதுவாக 40 நிமிட விரிவுரை ஒன்று. 24 பேர் கொண்ட ஐந்து குழுக்களுக்கு 80 நிமிடப் பரிசோதனை, அதாவது 400 நிமிடங்கள். 15 பேர் கொண்ட எட்டுக் குழுக்களுக்கு 40 நிமிடக் கலந்துரையாடல், அதாவது 320 நிமிடங்கள். மொத்தம் 760. ஒரே விரிவுரையை நான்கு முறை ஒப்புவிக்கும் சலிப்பு ஆசிரியருக்கு நீங்குகின்றது. பரிசோதனை பாதியில் நிற்பதில்லை. பதினைவர் நடுவே எந்த மாணவியும் மௌனத்தில் ஒளிந்துகொள்ள முடிவதில்லை.

ஆனால் மாணவியின் பக்கத்திலிருந்து இதே கணக்கை நோக்குதல் வேண்டும். முன்னர் 200 நிமிடங்கள் வகுப்பில் இருந்தவள் இப்பொழுது 160 நிமிடங்களே இருக்கிறாள். கலந்துரையாடலை வாரம் இருமுறையாக்கி அந்த 40 நிமிடங்களையும் நிரப்ப முனைந்தால் ஆசிரிய நேரம் 1080 நிமிடங்களாக உயர்ந்துவிடும். ஆகவே, சுயகற்றல் என்பது வெறும் கல்வி இலட்சியம் மட்டுமன்று. சிறுகுழுவின் செலவை ஈடுசெய்வதும் அதுவே. இம்முறையைப் போற்றியோர் இதனைப் போதிய அளவு அழுத்திக் கூறினர் என நாம் கருதவில்லை.

இத்தகைய நேரசூசியைக் கையால் வரைதல் கடினம். ஸ்டான்போர்ட்டில் கைத்தொழிற் பொறியியற் பேராசிரியராயிருந்த ரொபேர்ட் ஓக்போர்ட் முதலியோர் இதற்கெனக் கணனி நிகழ்ச்சித்திட்டம் ஒன்றினை உருவாக்கினர். ஒரெகன் மாநிலத்துப் போட்லண்ட் நகரின் மார்ஷல் உயர்தரப் பாடசாலை 1963இல் இம்முறையைத் தொடங்கிய முன்னோடிகளுள் ஒன்று. தொழிற்சாலை போன்ற பாடசாலையிலிருந்து மாணவரை விடுவிக்க வந்த கருவி கைத்தொழிற் பொறியியலிலிருந்தே பெறப்பட்டமை முரண்நகை எனலாம். நிமிடங்களை எண்ணும் மனோபாவம் அகலவில்லை, அது நுண்மையடைந்தது.

1970களின் பிற்பகுதியில் அரசாங்கப் பாடசாலைகள் பல இம்முறையைக் கைவிட்டன. வகுப்பில்லா நேரத்தில் மாணவர் நடைகூடங்களில் அலைகின்றனர் என்பதே பிரதான குற்றச்சாட்டு. ‘அடிப்படைகளுக்குத் திரும்புவோம்’ என்ற குரலும், 1983இல் வெளியான ‘அபாயத்தில் ஒரு தேசம்’ என்னும் அறிக்கை கற்றல் நேரத்தைக் கூட்டுமாறு விடுத்த விதப்புரையும் காற்றின் திசையை மாற்றின. ஆயினும் 1955இல் நிறுவப்பட்ட ஒமாகா நகரின் மேரியன், 1896இல் நிறுவப்பட்ட சின்சினாட்டியின் உர்சுலின் கல்விக்கூடம் போன்ற கத்தோலிக்கப் பெண்கள் பாடசாலைகள் இதனை நெடுங்காலம் பேணி வந்தன.

இது வியப்பிற்குரியது. கன்னியர் மடங்களின் வழிவந்த கல்வி, பெண்பிள்ளையின் ஒவ்வொரு மணித்துளியையும் கண்காணிப்பதில் பேர்பெற்றது. அம்மரபிலேயே, அடுத்த ஒரு மணித்தியாலத்தை நூலகத்திற் கழிப்பதா, கணித வளநிலையத்தில் ஆசிரியரைச் சந்திப்பதா, தோழியருடன் உரையாடுவதா என்பதை மாணவியே தீர்மானிக்கும் நிலை தோன்றிற்று. 1962 முதல் 1965 வரை நிகழ்ந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின் துறவற சபைகள் தம்மைத் தாமே மீள்பரிசீலனை செய்துகொண்ட சூழலுக்கு இதில் பங்குண்டு என நாம் கொள்கிறோம். வீட்டிலும் வெளியிலும் தன் நேரத்துக்குத் தானே உரிமை பாராட்டப் பழக்கப்படாத ஒரு பெண்ணுக்கு இது சிறிய விடயமன்று. கல்லூரி வாழ்வில் அவள் எதிர்கொள்ளப்போகும் சுதந்திரத்தை, கேட்டறிய ஆசிரியர் அருகில் இருக்கும்போதே ஒத்திகை பார்க்கிறாள்.

ஆனால் இப்பாடசாலைகள் கட்டணம் பெறுபவை; மாணவியரைத் தெரிந்து அனுமதிப்பவை. வீட்டில் நூல்களும் மேசையும் கொண்ட பிள்ளைக்கு வெற்று நேரம் வாய்ப்பாகும். அத்தகைய வசதியற்ற பிள்ளைகள் நிறைந்த அரசாங்கப் பாடசாலையில், வளநிலையங்களுக்கு ஆசிரியரையோ நூல்களையோ வழங்காது நேரத்தை மட்டும் திறந்துவிட்டால் அது கைவிடுதலே. அங்கே தோற்றது முறையா, அதற்கு மறுக்கப்பட்ட நிதியா என்ற வினா எழுகின்றது. நிதியே என்பது எமது கருத்து.

நிலைத்த இடங்களிலும் ஒரு சிக்கல் உண்டு. சுதந்திர நேரம் படிப்படியாக வழங்கப்படுவதே வழக்கம். முதலாம் ஆண்டு மாணவியர் தொடக்கத்தில் மேற்பார்வையுடனான கற்றற்கூடங்களுக்கு அனுப்பப்படுவர். புள்ளிகள் குறைந்தால் மூத்தவளும் அங்கு திரும்ப நேரிடும். நிர்வாக நோக்கில் இது நியாயமானதே. ஆயின் தன் நேரத்தைத் தானே ஆளக் கற்றுக்கொள்ளாதவள் எவளோ, அவளிடமிருந்தே அதனைப் பழகும் வாய்ப்பும் முதலில் பறிக்கப்படுகின்றது. வளநிலையத்தில் அவளுக்கென ஓர் ஆசிரியரை அமர்த்துவதே இதற்கு மாற்று; மேலே காட்டிய கணக்கில் அந்த ஆசிரியருக்கு எஞ்சியிருப்பதோ வாரத்தில் நாற்பது நிமிடங்கள்.